கொயினாவுக்குப் போன விளக்குமீன்கள்

ஜப்பான்காரன் ஆட்சியில் எங்கள் மகளுக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது. அப்போது காஜா பெராங் பகுதியில் ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். கடையில் அரிசி இல்லை, ஆஸ்பத்திரியில் மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினா மாத்திரை இல்லை. ஐந்து வயதுப் பிள்ளை குளிரில் வெடவெடவென்று நடுங்கும். நடுக்கம் நின்றதும் உடம்பு அனலாய்க் கொதிக்கும். வீட்டிலிருந்த சாக்கையெல்லாம் மேலே போர்த்தி, அவளைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பேன்.

என் கணவர் போருக்கு முன் ஓர் ஆராய்ச்சிக் கப்பலில் உதவியாளராக இருந்தவர். வங்காள விரிகுடாவில் வலையில் வந்த விரல் நீள விளக்குமீன்களை, ஸ்பிரிட் ஊற்றிய கண்ணாடிச் சாடிகளில் வைத்திருந்தார். அந்த மீன்களின் உடம்பில் பொட்டுப் பொட்டாக ஒளி உறுப்புகள் இருக்கும். பொட்டுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்துத்தான் இனம் பிரிப்பார்கள். அவர் பிரித்துக்கொண்டிருந்தது டயாபஸ் என்ற பேரினத்தை. அதற்குக் கண்ணருகிலும் விளக்கு உண்டு. அதில் ஒரு மீன் மட்டும் தெரிந்த எந்த இனத்தோடும் சேரவில்லை. அதையே எடுத்து எடுத்துப் பார்ப்பார்.

பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டும் டிரெஸர். ஒரு மத்தியானம் பிள்ளையைப் பார்க்க வந்தவர், சாடிகளைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அண்ணே, புண்ணு கழுவக்கூட அங்க ஸ்பிரிட் இல்ல. இதைக் கொடுங்க, வடிச்சு எடுத்துக்கிறோம். என்கிட்ட கொஞ்சம் கொயினா இருக்கு."

"ஸ்பிரிட் போனா மீன் காஞ்சு சுருங்கிடும். ஒரு பொட்டும் தெரியாது" என்றார் என் கணவர்.

நான் கத்திவிட்டேன். "புள்ள செத்துக்கிட்டிருக்கா. இப்பப் போயி பொட்டைப் பத்திப் பேசுறீங்களே!"

"கொடுக்கத்தான் போறேன். மீனோட காதுக்குள்ள இருக்கிற கல்லை மட்டும் எடுத்துக்கிறேன், அதை வச்சும் இனம் சொல்லலாம். பல லட்சம் வருஷத்துக்கு முந்தின டயாபஸ் பெரும்பாலும் அந்தக் கல்லாத்தான் மண்ணுல கிடைக்குது. மத்ததெல்லாம் மட்கிப் போயிடும்."

பிளேடை எடுத்து உட்கார்ந்தார். முதல் மீனின் தலையை அறுப்பதற்குள் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. கண் மேலே செருகி, பல் கிட்டிப் போனது. நான் அலறினேன். அவர் பிளேடை வீசிவிட்டு, இனம் சேராத அந்த மீனையும் சேர்த்துச் சாடி சாடியாக ஒரு வாளியில் கவிழ்த்தார்.

"எடுத்துட்டு ஓடுங்க, தம்பி. மருந்தைக் கொண்டு வாங்க."

டிரெஸர் கொண்டுவந்த மாத்திரையை நசுக்கித் தண்ணீரில் கரைத்துப் புகட்டினேன். கசப்புத் தாங்காமல் கக்கிவிட்டாள். மறுபடியும் கரைத்தேன். இதையும் கக்கினால் என்ன செய்வோம் என்று யோசிக்கவே பயந்து, அவள் வாயைப் பொத்திப் பிடித்திருந்தேன். என் கணவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதார்.

அடுத்த குளிர் லேசாக வந்தது. அதன்பின் வரவில்லை. ஒரு காலையில் அவளே எழுந்து உட்கார்ந்து, "அம்மா, பசிக்குது" என்றாள்.

அடுப்படியில் ஒன்றுமில்லை. அவர் தமது ஒரே நல்ல சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு உஜோங் பாசிர் பக்கம் நடந்தார். திரும்பி வந்தபோது கையில் மரவள்ளிக்கிழங்கு இருந்தது.