சத்தத்துக்கு மாதச் சம்பளம்

அரசாங்க உதவித்தொகையில் முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்வது நல்ல தொழில்தான், 'என்ன வேலை பார்க்கிறாய்?' என்று யாரும் கேட்காத வரைக்கும். மாதாமாதம் தொகையை வாங்கிக்கொண்டு, எதற்கு வாங்குகிறோம் என்று வீட்டாருக்கு விளக்க முடியாமல் விழிக்கிற சக ஆராய்ச்சியாளர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

என் துறை ஒலியியலும் அதிர்வியலும். கல்லூரியில் ஒருநாள் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரின் மேல் சும்மா கை வைத்தேன். உள்ளே பேரிங் தேய்ந்து போயிருப்பது உள்ளங்கையில் தெரிந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. விடவும் எனக்கு மனசில்லை. ஆனால் இதில் ஒரு கண்டிஷன் உண்டு. ஆண்டுதோறும் ஒரு குழு கூடி என் வேலையைப் பார்க்கும். அவர்களுக்குத் திருப்தி இல்லையென்றால் தொகை நின்றுவிடும். நின்றால், விருதுநகரில் அப்பாவின் மிளகாய் வத்தல் மண்டியில் எனக்கென்று ஒரு நாற்காலி காத்திருக்கிறது. அதன் பக்கத்திலேயே சில மாப்பிள்ளை ஜாதகங்களும் காத்திருக்கின்றன.

ஓசிச் சரக்கு

இடம் கிடைத்த செய்தியை மண்டியில் வைத்துத்தான் அப்பாவிடம் சொன்னேன். "ஃபீஸ் எம்புட்டு?" என்று கேட்டார். "ஃபீஸ் கிடையாதுப்பா. அவுகதான் எனக்கு மாசாமாசம் தருவாக" என்றேன். அப்பா தராசிலிருந்து கையை எடுத்துவிட்டார். வாங்குகிறவன் காசு கொடுப்பான், விற்கிறவன் வாங்கிப் போடுவான் என்பதுதான் அவருக்குத் தெரிந்த உலகம். படிப்பை வாங்குகிறவளுக்கு விற்கிறவனே காசு கொடுத்தால், இதில் யார் வியாபாரி? கேள்வி நியாயமாகத்தான் இருந்தது.

எதிரே அப்பாவின் நண்பர் உட்கார்ந்திருந்தார். பருப்பு மில் வைத்திருப்பவர். யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, அப்பாவின் பக்கம் சாய்ந்து சொன்னார்: "காசு குடுத்துத் தள்ளிவிடுதாகன்னா, அந்தப் படிப்புல என்னமோ கோளாறு இருக்கு அண்ணாச்சி. நல்லா விசாரிச்சுக்கோங்க."

இல்லாத சித்தப்பா

நான் விண்ணப்பித்தது கியர்பாக்ஸ் அதிர்வைப் பற்றி ஆராய. நேர்முகத் தேர்வில் என் வழிகாட்டிப் பேராசிரியர் அந்தத் தலைப்பைப் பார்க்கவே இல்லை. சொந்த ஊர் என்ற இடத்தைப் பார்த்தார். சென்னைக்காரர். "விருதுநகரா? அப்போ சிவகாசி பக்கம்தானே!" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். வெடிக்கிற அழகு குறையாமல் பட்டாசின் சத்தத்தை மட்டும் குறைப்பது எப்படி என்று அவரிடம் ஒரு திட்டம் நிதியோடு தயாராக இருந்தது. ஆள்தான் அகப்படாமல் இருந்தது.

எங்கள் வீட்டில் தீப்பெட்டியைக்கூடக் கடையில்தான் வாங்குகிறோம் என்று சொன்னேன். அப்பா வத்தல் வியாபாரி, அவருக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து சொன்னார்: "ரொம்ப நல்லதும்மா. உங்க சித்தப்பா ஃபேக்டரியில சொல்லி டெஸ்ட்டுக்கு ஏற்பாடு பண்ணிடுங்க."

செம்புத் தகடு

இல்லாத சித்தப்பாவுக்குப் பதிலாக அந்தப் பருப்பு மில்காரரே கை கொடுத்தார். வெம்பக்கோட்டை போகிற வழியில் அவருக்குத் தெரிந்தவரின் பட்டாசுக் கம்பெனி இருந்தது. முதலாளி பெயர் ராசேந்திரன். ஊருக்கே அண்ணாச்சி.

இந்தப் பக்கத்து ஆலைகளுக்குள் போகுமுன் வாசலில் செம்புத் தகட்டில் உள்ளங்கையைப் பதிக்க வேண்டும். உடம்பில் ஒட்டியிருக்கிற மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடும். கைபேசி, பேட்டரிச் சாமான் எதுவும் உள்ளே ஆகாது. என் ஒலிமானியோ பேட்டரியில் ஓடுவது. காற்றிரைச்சல் ஏறாமலிருக்க அதன் தலையில் கறுப்புப் பஞ்சு உருண்டை வேறு மாட்டியிருக்கும். அதில்லாமல் எனக்கு இங்கே வேலையே இல்லை என்று காவல்காரரிடம் மன்றாடினேன். அவர் அதைப் பக்குவமாக வாங்கித் தன் துண்டின் மேல் வைத்தார். "மைக்க இங்கனயே வச்சிட்டுப் போங்கம்மா. மொதலாளிக்குக் காது நல்லாவே கேக்கும், சும்மாவே பேசலாம்."

திருப்தி

கடைசியில் ஆலைக்கு வெளியே, ஆளரவமில்லாத கரிசல் பொட்டலில் அளப்பதாக முடிவானது. போர்மேன் மாடசாமி ஒவ்வொரு வெடியாக வைத்துப் பற்றவைப்பார். நான் எட்ட நின்று ஒலிமானியைப் பார்ப்பேன். அண்ணாச்சி குடை நிழலில் எனக்கு சர்பத் கொடுத்துவிட்டு, வெடியைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். முதல் நாள் அளவு எக்கச்சக்கமாக ஏறியது. என் புருவமும் கூடவே ஏறியிருக்க வேண்டும். அண்ணாச்சி போர்மேனைப் பார்த்தார். போர்மேன் தரையைப் பார்த்தார்.

அடுத்த முறை போனபோது எல்லா வெடியும் அடக்கமாக வெடித்தது. எடை போட்டுப் பார்த்தேன், கடைச் சரக்கின் அதே எடை. புகையும் வெளிச்சமும்கூட அப்படியே இருந்தன. சத்தம் மட்டும் பாதியாகக் கேட்டது. எப்படி என்று புரியவில்லை. பேராசிரியருக்கு அனுப்பினேன், "பிரமாதம்" என்று பதில் வந்தது. அவருக்கும் புரியவில்லை என்பது அதிலேயே தெரிந்தது. அண்ணாச்சி கார்க் கதவைத் திறந்துவிட்டுக் கேட்டார்: "திருப்தியாப் போச்சா பாப்பா? வந்தவுக திருப்திதான் நமக்கு முக்கியம்."

பாயின் முதுகு

சீசன் ஆர்டர் போட வருகிற வியாபாரிகள் வெடித்துக் காட்டச் சொல்லித்தான் சரக்கு எடுப்பார்கள். மதுரையில் மொத்தக் கடை வைத்திருக்கும் சாகுல் பாய் அதிலும் தனி ரகம். வெடிக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பார். கண்ணால் பார்த்துவிட்டால் காது பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. நான் அளந்துகொண்டிருந்த நாளில் அவரும் வந்துவிட்டார். எனக்கென்று வைத்திருந்த பெட்டியிலிருந்து மாடசாமி ஞாபகப்பிசகாக ஒன்றை எடுத்துப் பற்றவைத்தார். வெடித்தது. பாய் திரும்பவே இல்லை. "ம், பத்த வைங்க" என்றார்.

வெடித்துவிட்டது என்றதும் அவருக்கு முகம் சிவந்துபோயிற்று. "இதப் போயி எவன் வாங்குவான்? வருசாவருசம் எடுக்கிற சரக்கா இது?" என்று சத்தம் போட்டார். இத்தனை மாதம் நான் அளந்தது எது? அண்ணாச்சியையே கேட்டேன். அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. விருந்தாளிக்குக் காரம் குறைத்துச் சமைத்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்: "மீட்டரோட வாறவுக எல்லாருக்கும் நம்பர் கம்மியா வந்தாத்தான் மொகம் தெளியுது. அதான் பாப்பா, ஒங்களுக்குன்னு தனியாச் செய்யச் சொன்னேன்."

குழு கூடியது

அழுகை வந்தது. உண்மையைச் சொன்னால் தொகை போகும், சொல்லாவிட்டால் தூக்கம் போகும். சொல்லிவிட்டேன். நான் அளந்த வெடி எந்தக் கடையிலும் கிடையாது, எனக்காக மரியாதைக்குச் செய்யப்பட்டது என்றேன். குழுவில் ஒருவர் மற்றவரைப் பார்த்தார். பேராசிரியர் மின்விசிறியைப் பார்த்தார். மண்டி நாற்காலி என் கண் முன்னால் வந்து நின்றது.

குழுவின் தலைவி மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி யோசித்தார். எடை அதேதானா, புகை அதேதானா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆமாம் என்றேன். "அப்போ நீங்க தேடின பட்டாசு அதுதானேம்மா? எப்படிச் செஞ்சாங்கன்னு கேட்டு எழுதிட்டு வாங்க, இன்னும் ஒரு வருஷம் தர்றோம்."

மறுபடியும் செம்புத் தகடு

தகட்டில் கையைப் பதித்துவிட்டு, ஒலிமானியை நானே காவல்காரரின் துண்டின் மேல் வைத்தேன். அண்ணாச்சியிடம் ஓடி, அந்தத் தனி வெடியை எப்படிச் செய்தீர்கள் என்று அரசாங்கம் கேட்கிறது என்றேன். 'அரசாங்கம்' என்றதுமே, லைசென்ஸ் ஞாபகம் வந்ததுபோல அவர் முகம் மாறிவிட்டது. "தனியாவா? நாங்க எந்தக் காலத்துல பாப்பா தனியாச் செஞ்சோம்?" என்றார். மாடசாமியைப் பார்த்தேன். அவர் அன்றைக்கும் தரையையே பார்த்தார்.

இது தெரியாவிட்டால் என் படிப்பே போய்விடும், மண்டியில் வத்தல் மூட்டைக்குக் காவல் இருக்க வேண்டியதுதான் என்று புலம்பினேன். அண்ணாச்சிக்கு மனசு கேட்கவில்லை. சர்பத் வரவழைத்தார். நான் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, மெதுவாகச் சொன்னார்: "எம்புட்டுச் சத்தம் வேணும்னு மட்டும் சொல்லுங்க, ஒரு லோடு வேணும்னாலும் செஞ்சு தாறோம். எப்பிடின்னு மட்டும் கேக்காதீக."

ஆக, தொகை இருக்கிறது, வெடி இருக்கிறது, செய்தவர்களும் எதிரிலேயே இருக்கிறார்கள், செய்தோம் என்று சொல்லத்தான் ஆளில்லை என்பதால், மண்டி நாற்காலியைத் தூசி படியாமல் துடைத்தே வைக்கும்படி அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.