நகுலேஸ்வரனும் மூன்று ஷையும்

என் தங்கையின் கணவர் நகுலேஸ்வரன் இரண்டு ஷையோடு நின்றுபோன மனிதர். யாழ்ப்பாணத்துக்காரருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே கம்பஸுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கான ஏ.எல். சோதனையை மூன்று தடவை எழுதலாம். ஒவ்வொரு தடவைக்கும் ஷை என்று பெயர். முதல் ஷையில் விழுந்தவனுக்காக யாரும் ஒப்பாரி வைக்கமாட்டார்கள். அடுத்தது இருக்கிறது, அதற்கடுத்ததும் இருக்கிறது. எதில் நல்ல புள்ளி வந்ததோ அதைக் காட்டி உள்ளே போகலாம், மற்றதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. முதல் ஷையை வெள்ளோட்டமாக எழுதிவிட்டு மத்தியானமே கிரிக்கெட் விளையாடப் போனவர்களை எனக்குத் தெரியும்.

நகுலேஸ் முதல் ஷையில் விழுந்தார். இரண்டாவதில் மயிரிழையில் கம்பஸ் தவறியது. மூன்றாவதற்குப் படித்துக்கொண்டிருந்தபோது போரில் ஊரே காலியான தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இடப்பெயர்வு வந்தது. அவரும் சனத்தோடு சனமாக நடந்தார். பிறகு வன்னி, கொழும்பு, கடைசியில் மொன்ட்ரியால். இப்போது ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெளுக்கிற ஒரு தொழிற்சாலையில் பகல் ஷிஃப்டுக்குப் பொறுப்பாக இருக்கிறார். கெட்ட வேலை இல்லை. ஆனால் எந்தக் கலியாண வீட்டில் கண்டாலும், "அந்த மூண்டாவது ஷை மட்டும் எழுதியிருந்தால், அக்கா..." என்று தொடங்குவார். அதிலும் விழுந்திருக்கலாம் என்ற எண்ணம் அந்த மனிதருக்கு ஒருநாளும் வந்ததில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்.

மொன்ட்ரியால்-நோரில் ஒரே வீட்டின் மேல்தளத்தில் அவர்களும் கீழ்த்தளத்தில் நானும் இருக்கிறோம். அவர்களுக்கு ஒரே பிள்ளை, துஷாந்தினி. பள்ளிக்கூடத்தில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டபோது, ஒரு பிசியோதெரபி பெண்மணி மாதக்கணக்கில் அந்தக் கையைப் பிடித்துப் பிடித்துப் பழக்கினாள். அன்றிலிருந்து இவளுக்கும் அதே படிப்புத்தான் வேண்டும். என் முழங்காலைப் பிடித்துவிடும்போதுகூட, எந்தத் தசை எங்கே போய் ஒட்டுகிறது என்று சொல்லிக்கொண்டுதான் பிடிப்பாள். அவள் ஆசைப்பட்டுக் கேட்டது உலகத்தில் அந்த ஒன்றுதான்.

இங்கே பிள்ளைகள் பதினாறு, பதினேழு வயதில் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு, சீஜெப் என்கிற கல்லூரியில் இரண்டு வருடம் படிப்பார்கள். அங்கே எடுக்கிற புள்ளிகளையெல்லாம் சேர்த்துப் பிசைந்து கோட் ஆர் என்று ஓர் எண் செய்வார்கள். பிசியோதெரபிக்கு எடுப்பதா, விடுவதா என்று பல்கலைக்கழகம் அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவுசெய்யும்.

துஷாந்தினி பள்ளிக்கூடத்தின் கடைசி வருடத்தில் இருந்தபோது ஒரு சீஜெப்பிலிருந்து அழைப்பு வந்தது. நன்றாகப் படிக்கிற பள்ளி மாணவர்கள் வாரத்தில் ஒரு பின்னேரம் வந்து ஒரு கல்லூரிப் பாடத்தை இப்போதே படிக்கலாம். சித்தியடைந்தால் அது கல்லூரிக் கணக்கில் சேர்ந்துவிடும். அவள் வேண்டாம் என்றாள். அதே கிழமைதான் கர்க்லாண்டில் ஒரு பிறந்தநாள் விழாவில் இரவிச்சந்திரன் என்ற ஒருவர், தன் மகன் பள்ளியிலேயே இரண்டு கல்லூரிப் பாடம் முடித்துவிட்டான் என்று கேக் வெட்டுவதற்கு முன்பே எல்லோருக்கும் சொல்லி முடித்திருந்தார். நகுலேஸ் அன்று கேக்கும் சாப்பிடவில்லை.

பாடம் தத்துவம். அதுவும் பிரெஞ்சில்.

"தத்துவம்தானே! எங்கடை ஆக்களுக்கு அது ரத்தத்திலையே இருக்கு" என்றார் நகுலேஸ்.

"அப்பா, எனக்குக் கணக்கு எண்டால் பரவாயில்லை. இது முழுக்கக் கட்டுரை. எனக்கு வராது."

"வராட்டி என்ன? முதல் ஷைதானே. விழுந்தால் பேந்து எடுக்கலாம். வெண்டால் லாபம்."

நான் கார்தெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறவள். சின்னப் பிள்ளைகளைப் பற்றித் தெரியுமே தவிர, கோட் ஆர் பற்றி எனக்கு அப்போது ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும், "பிள்ளை மாட்டன் எண்டுறாள், விடுமன்" என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், மூன்றாவது ஷையைப் பறித்ததே நான்தான் என்பது போலிருந்தது. சேருகிற படிவத்தில் கையெழுத்துப் போட்டார். பிள்ளை போனாள்.

மூன்றாம் கிழமை அவள் என் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். வகுப்பில் எல்லோரும் தன்னைவிடப் பெரியவர்கள் என்றாள். ஆசிரியர் கேட்கிற கேள்விக்கு விடையே கிடையாதாம், அதைப் பற்றி எழுதத்தான் வேண்டுமாம். இந்த வெள்ளிக்கிழமைக்குள் பாடத்தை விட்டால் எந்தத் தடயமும் இருக்காது என்றும் சொன்னாள். மேலே போய் அப்பாவிடம் கேட்டாள். மரப்படிகளின் வழியாக எனக்கு எல்லாம் கேட்டது.

"பாதியிலை விடுறது எங்கடை பரம்பரையிலை இல்லை. இருந்து எழுது. விழுந்தாலும் பரவாயில்லை எண்டு நானே சொல்லுறன், பேந்தென்ன பயம்?"

அவர் கோபத்தில் சொல்லவில்லை. பாசத்தோடு, பெரிய மனதோடு சொன்னார். விழுந்தாலும் பேசமாட்டேன் என்று எந்தத் தகப்பன் சொல்வான்? தன் அப்பர் தனக்குச் சொல்லாததைத் தன் பிள்ளைக்குச் சொல்வதாக நினைத்தார்.

அவள் விழுந்தாள். நகுலேஸ் சொன்ன சொல் தவறவில்லை. பேசவில்லை, பீட்சா வாங்கிக் கொடுத்தார். பிறகு அவள் சீஜெப்புக்குப் போய் அதே பாடத்தைத் திரும்ப எடுத்து எண்பதுக்கு மேல் வாங்கினாள். "பாத்தீங்களே அக்கா, செக்கன்ட் ஷை!" என்று படியிறங்கி வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அந்த மனிதரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

போன மே மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது. காத்திருப்போர் பட்டியலில் போட்டார்கள், பிறகு அங்கிருந்தும் எடுத்துவிட்டார்கள். கல்லூரியில் வழிகாட்டும் பெண்மணி துஷாந்தினிக்கு விளக்கினாள். இங்கே ஷை கிடையாது. எழுதியது எல்லாம் எழுதியதுதான். திரும்ப எடுத்த நல்ல புள்ளி பழையதை அழிக்காது, பக்கத்தில் போய் உட்காரும். இரண்டையும் சேர்த்துத்தான் அந்த எண்ணைச் செய்கிறார்கள். பள்ளிப் பிள்ளையாக இருந்தபோது எடுத்ததும் கல்லூரிப் புள்ளிதானாம். அந்த ஒன்று இல்லாவிட்டால் அவள் பல்கலைக்கழகம் எடுக்கிற எல்லைக்கு மேலே நின்றிருப்பாள்.

நகுலேஸ் இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பிறகு லீவு எடுத்துக்கொண்டு, அந்தக் கல்லூரி அலுவலகத்துக்குப் போகவேண்டும், நீங்கள் காரை எடுங்கோ அக்கா என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று வாய்வரை வந்தது. அவர் கோலத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். இஸ்திரி போட்ட சட்டையைக் கழுத்துவரை பொத்தான் பூட்டியிருந்தார்.

அலுவலகத்தில் ஒரு நடுத்தர வயதுப் பெண் எங்கள் மூவரையும் உட்காரவைத்தாள். நகுலேஸின் பிரெஞ்சு தொழிற்சாலைப் பிரெஞ்சு, இதற்கு எட்டாது. என் பக்கம் திரும்பாமல் மகளைப் பார்த்தார்.

"சொல்லு, பிள்ளை. நீ விடப்போறன் எண்டு கேட்டனீ. நான்தான் விடேல்லை. பிழை என்ரை. அந்தப் புள்ளியை என்ரை பேரிலை போடச் சொல்லு, உன்ரை பேரிலை வேண்டாம்."

துஷாந்தினி அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் பிரெஞ்சில் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மெதுவாக ஏதோ சொன்னாள். எனக்கு விளங்கியது. சேருவதற்குத்தான் பெற்றோரின் கையெழுத்து வேண்டும், விடுவதற்கு வேண்டாம், மாணவியே கணினியில் விட்டிருக்கலாமே என்று கேட்டாள். துஷாந்தினி, "தெரியும், மதாம்" என்றாள்.

"என்ன சொல்லுறா?"

"மாத்தேலாதாம், அப்பா."

மெர்சி சொல்லிவிட்டு எழுந்தோம். காரில் ஏறிக் கதவைச் சாத்தும்வரை பொறுத்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை. அவர் பக்கத்து சீற்றில் இருக்கிறார் என்றும் பார்க்கவில்லை.

"ஏன் பிள்ளை, நீயே விட்டிருக்கலாம் எண்டு தெரியுமெண்டால், ஏன் விடேல்லை? ஆருக்குத் தெரியப்போகுது?"

அவளுக்கு என் கேள்வியே விளங்கவில்லை என்பது காரின் பின்பார்வைக் கண்ணாடியில் தெரிந்தது.

"அப்பா விடவேண்டாம் எண்டு சொன்னவர்தானே, பெரியம்மா."

நகுலேஸ் என்னைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தார். இப்படி ஒரு சொல்லைத் தட்டாத பிள்ளை கிடைத்தது தவம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மனிதர் அவர். நானும் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பிள்ளையை நினைக்க எனக்குப் பயமாக இருந்தது.

வழியில் ஒரு சிவப்பு விளக்கில் நின்றோம். பின்னாலிருந்து துஷாந்தினி முன்னே குனிந்தாள். தகப்பனின் தோளில் கையை வைத்தாள்.

"அப்பா, கினேசியோலொஜியிலை, அந்த உடலசைவுப் படிப்பிலை, இடம் தந்திருக்கினம். வாற கிழமைக்குள்ளை பதில் சொல்லவேணும். அதுக்குப் போகவோ, இல்லாட்டி ஒரு வருசம் இருந்து பிசியோவுக்கே திரும்ப விண்ணப்பம் போடவோ?"

"உனக்கு எது விருப்பமோ அதைச் செய், பிள்ளை" என்றார் நகுலேஸ்.

"நீங்கள் சொல்லுங்கோ, அப்பா" என்றாள் அவள். "நான் செய்யிறன்."