ஐந்தில் ஐந்தாவது இடம்

என் பால்கனியில் நிற்கும் துணி துவைக்கும் இயந்திரத்தை ஒரு நீலத் தறப்பாள் மூடியிருக்கிறது. அளவுக்கு மிஞ்சிய தறப்பாள். நான்காக மடித்தும் ஒரு பக்கம் தரையில் இழுபடும். ஒரேத்தோப் பகுதியில் இந்த ஐந்தாம் மாடிக்கு ஏறி வருகிற சனத்தில் ஒருவர்கூட "இதென்ன, கப்பலுக்குப் போட்டதோ?" என்று கேட்காமல் போனதில்லை. கப்பலுக்கு இல்லை, ஒரு மண்மேட்டுக்கு என்று சொன்னால் இன்னும் குழம்புவார்கள். "அத்தான் தந்தவர்" என்று சொல்லிக் கதையை மாற்றிவிடுவேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். இந்த ஊரின் ஓரம், பிரான்காச்சோவில் பட்டறைகள் முடிகிற இடத்தில் ஒரு பேஸ்பால் மைதானம் இருந்தது. அங்கே புல் வெட்டுவது, கோடு போடுவது, உடை மாற்றும் அறையைக் கழுவுவது எல்லாம் அவர்தான். சம்பளத்துக்கு ஆடுகிற குழு என்றுதான் பெயர். ஆனால் பாதிப்பேர் பின்னேரமானால் வேறு வேலைக்கு ஓடுவார்கள். பந்து பிடிக்கிறவன் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் பரிமாறிக்கொண்டிருந்தான். நான் வேலை செய்யும் வீட்டு எசமானியம்மா, நான் சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிறவர், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். இப்படி ஒரு குழு இருப்பதை என் வாயால்தான் முதலில் கேள்விப்பட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே அத்தான் செய்த கூத்து பெரிய கூத்து. எங்கள் ஊரில் அவர் கிரிக்கெட் ஆடியவர், அதுவும் விக்கெட் கீப்பர். பந்து எறிகிற இடம் ஒரு சாண் உயரத்துக்குப் புடைத்து நிற்பதைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. தனக்கு முன் வேலை செய்தவன் சரியான சோம்பேறி என்று முடிவுகட்டினார். இரண்டு நாள் மண்ணை வெட்டி, தண்ணீர் தெளித்து, ரோலர் உருட்டி மேசைபோல் ஆக்கிவிட்டார். மூன்றாம் நாள் பயிற்சியாளர் வந்தார். அவரை எல்லோரும் மிஸ்தர் என்றுதான் கூப்பிடுவார்கள். வந்தவர் நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாராம். பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு "என் மேடு எங்கே?" என்று கத்தினாராம். பேஸ்பாலில் எறிகிறவன் மேட்டில் நின்றுதான் எறிய வேண்டும், அது விதி என்று அப்போதுதான் இவருக்குத் தெரிந்தது. ஒரு கிழமை இருந்து மண் குவித்துத் திரும்பக் கட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் அந்த மேட்டை இந்தத் தறப்பாளால் மூடி, காற்று வருகிற பக்கத்து மூலைக்கு முதல் கல்லை வைத்து, மற்ற மூன்றுக்கும் ஒவ்வொன்றாக வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்.

அக்கா யாழ்ப்பாணத்தில் இருந்தாள். அவளை இந்த நாட்டுக்குக் கூப்பிட வேண்டுமென்றால் வருடம் முழுவதற்குமான வேலை ஒப்பந்தம் கையில் வேண்டும். அத்தானுக்கு இருந்தது ஆட்டம் நடக்கிற மாதங்களுக்கு மட்டுமான ஒப்பந்தம். கழகத் தலைவரிடம் கேட்டபோது, "குழு முதல் ஐந்து இடத்துக்குள் வரட்டும், அடுத்த நாளே எழுதித் தருகிறேன்" என்று கைகொடுத்துச் சொன்னார். மொத்தம் ஏழு குழுக்கள். எங்களுடையது ஏழாவது. கீழ்ப்பிரிவுக்கு இறக்கிவிடவும் வழியில்லை, அங்கேயிருந்து மேலே வர ஒருவரும் விரும்பவில்லை. உங்களுக்கு இது பகிடியாக இருக்கலாம். அக்காவும் அத்தானும் ஒரு வீட்டில் இருப்பதும் இல்லாததும், பந்தை அடிக்கத் தெரியாத ஒன்பது பேரின் கையில் இருந்தது.

ஒவ்வொரு மாசி மாதமும், பயிற்சி தொடங்குவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, அத்தான் என் குசினி மேசையில் உட்கார்ந்து குழுவை நிறுத்துப் பார்ப்பார். நான் தேத்தண்ணி போட்டுக்கொடுப்பேன். "இடக்கையனுக்குத் தோள் போச்சுது மச்சாள், நாலு சுற்றுக்கு மேலை எறிய மாட்டான். மீன்கடைக்காரன்ரை முழங்கால் குந்தி எழும்பேக்கை சத்தம் போடுது. வெனிசுவேலாப் பொடியன் ஒருத்தன்தான் அடிக்கிறவன், அவனும் வடக்கை ஒரு குழுவுக்குப் போறானாம்." மிஸ்தர்கூட அவரிடம் அபிப்பிராயம் கேட்பாராம். மைதானத்தில் நாள் முழுக்க நிற்கிறவனுக்குத்தான் எல்லாம் தெரியும் என்பாராம். எல்லாரையும் ஒருவர் விடாமல் நிறுத்துப் பார்த்த பிறகு அத்தான் கோப்பையைக் கவிழ்த்துவைத்து, "இந்த முறையும் ஏழுதான்" என்பார். அவர் கணக்கு ஒருதரமும் பிழைத்ததில்லை.

பிறகு அக்காவுக்குப் போன் எடுப்பார். குரலே மாறிவிடும். "இஞ்சேரப்பா, இந்த முறை குழு எப்பிடி எண்டு தெரியுமே? அந்தமாதிரி! இடக்கையன்ரை தோள் சுகம். பாரன், கட்டாயம் அஞ்சுக்குள்ளை வருவம்." எனக்குப் பத்திக்கொண்டு வரும். "விசரே உங்களுக்கு? உள்ளதைச் சொல்லுங்கோவன்" என்று கைச்சாடை காட்டுவேன். அவர் போனை என் பக்கம் திருப்புவார். திரையில் அக்காவின் முகத்தைக் கண்டதும் நானும், "ஓம் அக்கா, நல்ல குழு. நானும் பாத்தனான்" என்று சொல்லிவிடுவேன். நான் அந்த மைதானத்துக்கு இரண்டே இரண்டு தரம்தான் போயிருக்கிறேன். இரண்டு தரமும் படுதோல்வி.

ஆட்டங்கள் தொடங்கினால் தோல்விகளுக்கும் காரணம் சொல்வார். மழை என்பார், நடுவர் சரியில்லை என்பார். தோற்றதை வென்றதாகவே சொன்ன ஞாயிறுகளும் உண்டு. மூன்றாம் வருடம் இந்த ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவுக்கு நேர்த்தி வைத்து வெறுங்காலோடு மலையேறினார். இந்த ஊர்த் தமிழ்ச் சனம் சைவம், கிறிஸ்தவம் என்று பாராமல் பிள்ளை வேண்டும், விசா வேண்டும் என்று ஏறுகிற மலைதான். பேஸ்பாலுக்காக ஏறிய முதல் ஆள் இவராகத்தான் இருக்கும். பாதம் கொப்பளித்ததுதான் மிச்சம். குழு ஏழாவதாகவே வந்தது.

நாலாம் வருடம் நடந்ததை இப்போதும் நம்ப முடியவில்லை. ஆட்டக்காலத்தின் பாதியில், காசில்லாமல் ஒரு குழு விலகியது. அடுத்த மாதம் இன்னொன்றும் விலகியது. மிச்சம் ஐந்து. எங்களுடையது வழக்கம்போல் கடைசி, ஆனால் ஐந்தாவது! தலைவர் பட்டியலைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தாராம். "ஐந்து என்றால் ஐந்துதானே, சொன்ன சொல் சொல்தான்" என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தாராம். அத்தான் அந்தக் கடதாசியை மேல்சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடிவந்தார். மின்தூக்கிக்குக் காத்திருக்காமல் ஐந்து மாடியும் படியால் ஏறி வந்து, மூச்சு வாங்க, என் முகத்துக்கு நேரே அதை விரித்துக் காட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. விசா பார்க்கிற பொலிஸ் கந்தோர் குவெஸ்தூராவுக்கு என்றைக்குப் போவது, சிஞ்ஞோராவிடம் என்றைக்கு லீவு கேட்பது என்று எல்லாம் அந்த நிமிடமே தீர்மானித்தோம்.

அக்காவுக்குப் போன் எடுத்தார். எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பிறகு, "என்ரை பாஸ்போட் முடிஞ்சு ரெண்டு வருசம். நான் மாத்தேல்லை" என்றாள்.

"அதுக்கென்ன, மாத்தலாம்தானே!" என்றேன் நான்.

"ஓம், பாஸ்போட் மாத்தலாம்" என்றாள். பிறகு அத்தானைப் பார்த்துப் பேசினாள். சத்தம் போடவில்லை. "அந்தக் குழுவின்ரை பேரை போனிலை அடிச்சா எல்லாம் வருது. முதல் வருசத்திலையிருந்து ஒவ்வொரு கிழமையும் பாக்கிறனான். நீங்கள் வெண்டம் எண்டு சொன்ன நாளுகளிலை எத்தினை தரம் தோத்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியும். ஒருக்கா எண்டாலும், தோத்துப்போனம், என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை எண்டு சொல்லியிருந்தா நான் எத்தினை வருசமெண்டாலும் காத்திருந்திருப்பன். இப்ப, நீங்கள் சொல்லுற வேறை எது உண்மை, எது பொய் எண்டு எனக்குத் தெரியேல்லை. நான் இஞ்சையே இருக்கப் போறன்."

அத்தான் கடதாசியைத் திரைக்கு முன்னால் பிடித்தபடியே இருந்தார். "இது உண்மை, இஞ்சை பார், கையெழுத்து இருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா "ஓம், தெரியுது" என்றாள். என்னை அவள் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பொய்யில் பாதி என்னுடையது. அந்த மேசையில் இருந்து எல்லாரையும் நிறுத்துப் பார்த்தோம், தோள், முழங்கால் எல்லாம் பார்த்தோம். அக்காவின் பொறுமை இன்னும் எத்தனை வருடத்துக்கு வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த ஆட்டக்காலத்துக்குக் குழுவே இல்லை. கழகம் மூடப்பட்டது. மைதானத்தைக் காற்பந்துக்காக வேறொருவர் எடுத்தார். அவர் அத்தானிடம் கேட்ட முதல் வேலை, நடுவில் நிற்கிற மேட்டை வெட்டிச் சமப்படுத்தித் தா என்பது. இந்த முறை பிழை இல்லை, கூலிக்குச் செய்கிற வேலை. இரண்டு நாளில் முடித்துவிட்டு, தறப்பாளைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு இங்கே வந்தார். "உன்ரை மெசினுக்கு உதவும் மச்சாள்" என்றார்.

இப்போது அவர் ஒரு சாப்பாட்டுக் கடையில் பீங்கான் கழுவுகிறார். ஞாயிறு மத்தியானம் வருவார். போன ஞாயிறு நல்ல மழை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் எழும்பிப் பால்கனிக்குப் போனார். காற்று வருகிற பக்கத்தைப் பார்த்து, அந்த மூலைக்கு முதல் என் பூச்சட்டியைத் தூக்கிவைத்தார். பிறகு மற்ற மூலைகள். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. மெலிந்துபோன முதுகு. உள்ளே வரச் சொல்லிக் கூப்பிட்டேன்.

அப்போது அக்கா போன் எடுத்தாள். என்னோடு அவள் மாதத்தில் ஒருதரம் கதைப்பாள். கடைசியில், எழும்பப் போகிறவள் மாதிரி, "அவர் எப்பிடி இருக்கிறார்?" என்று கேட்டாள். பழக்கம், "நல்லா இருக்கிறார் அக்கா" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கண்ணாடிக்கு வெளியே அவர் குனிந்து, மூடியது சரியா என்று தறப்பாளின் விளிம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இல்லை அக்கா" என்றேன்.

மழைச் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும்.

"இதை நீ முதலே சொல்லியிருக்கலாம்" என்றாள்.