நாலு மணி நேர மாமன்

உளுந்தங்களியில் நல்லெண்ணெய் ஊற்றும் வாசனை எந்த வீட்டிலிருந்து வந்தாலும் எனக்கு இன்றும் வயிறு எரியும். எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சைக்குச் சில வாரங்களே இருக்கையில் நான் "சமைந்தேன்". எழுபதுகளின் தூத்துக்குடியில், எங்கள் கடைத்தெரு வீட்டில், அதற்குப் பொருள் இதுதான்: பின்கட்டு மூலையில் ஒரு பாய், தனித் தட்டு, விடிந்ததும் களி, தாய்மாமன் சேலை கொண்டுவந்து "சடங்கு" கழிக்கும்வரை வாசலைத் தாண்டக்கூடாது. பள்ளிக்கூடம் அடுத்த தெருவில்தான் இருந்தது. மாமனோ சிங்கப்பூரில் இருந்தார்.

அக்கா சமைந்தபோதும் அவர் அங்கேதான் இருந்தார். அப்போதெல்லாம் அவர் கப்பலில் வரவேண்டும், ஒரு வாரம் ஆகும் என்பதால் யாரும் காத்திருக்கவில்லை. ஏரலிலிருந்து அம்மாவின் பெரியப்பா மகனைக் கூப்பிட்டு நிறுத்திக் காரியத்தை முடித்தார்கள், அக்காவும் பள்ளிக்கூடம் போய்விட்டாள். என் பொல்லாத நேரம், மாமன் அதற்குள் பிளேனில் வரத் தொடங்கியிருந்தார். சிங்கப்பூரிலிருந்து மெட்ராசுக்கு நாலு மணி நேரம், அங்கிருந்து ஒரு ராத்திரி ரயில். தந்தி கொடுத்தார்கள். வருகிறேன் என்று பதிலும் வந்தது, தேதி இல்லாமல்.

அந்த நாலு மணி நேரம்தான் என்னைக் கெடுத்தது. "ஏளா, இன்னிக்கு ஏறுனாம்னா நாளைக்கு வந்து நிக்கப்போறான், அதுக்குள்ள என்ன அவசரம்?" என்பாள் அம்மா. மறுநாளும் அதையே சொல்வாள். ஏரல் மாமாவைக் கூப்பிடுங்கள் என்று நான் அழுதால், "பிளேன்ல வார மாமன் இருக்கையில வேற ஒருத்தன் சீர் செய்யதா? ஊரே சிரிக்கும்லா" என்று அப்பா கடைக்குக் கிளம்பிவிடுவார். நல்லா இருக்கே நியாயம்! அந்த மூலைக்குத் துறைமுகத்துக் கப்பல் சங்கும் கேட்கும், பள்ளிக்கூட மணியும் கேட்கும். கணக்குப் பரீட்சைக்கு மணி அடித்த அன்று தட்டைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.

பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் பூட்டிய பிறகு மாமன் வந்தார், நைலக்ஸ் சேலையும் சென்ட் மணமுமாக. "லீவு கெடைக்கலக்கா. நீங்க ஏரல் அண்ணனை வச்சு முடிச்சிருப்பியன்னுல்லா நெனச்சேன்" என்றார், இட்லியைப் பிட்டுக்கொண்டே. அம்மா அவர் தட்டில் இன்னொரு இட்லியை வைத்தாள். பிறகு பந்தல் போட்டு, மைக்செட் கட்டி, ஊரைக் கூட்டிச் சோறு போட்டார்கள். பரீட்சை எழுதாதவளை ஒன்பதாம் வகுப்புக்கு ஏற்ற முடியாது, இன்னொரு வருஷம் படிக்கட்டும் என்று டீச்சர் வந்து சொன்னபோது அப்பா, "பொட்டப்பிள்ளைக்கு எட்டு போதும்" என்றதோடு என் படிப்பு முடிந்தது.

இப்போது தூத்துக்குடிக்கே விமானம் வருகிறது. மாமன் இல்லை, அப்பா இல்லை, அந்த வீடும் இல்லை; இவற்றையெல்லாம் நினைத்து நான் பெருமூச்சு விடுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். என் மகள் பெரியவளானபோது அம்மா, "துபாயில இருந்து அவ மாமன் வரட்டும்ளா" என்று ஆரம்பித்தாள். மறுநாள் காலையில் நானே பிள்ளைக்குத் தலைபின்னி, பையை மாட்டி, வகுப்பறை வரைக்கும் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டு வந்தேன். அம்மா ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.