தம்பியின் பெயரை வாசித்த ஞாயிறு

என் தம்பியை முதலில் சாகடித்தது நான்தான். துவக்கால் அல்ல, வாயால். எண்பத்தைந்தாம் ஆண்டு, ஹனோவருக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகரத்தில், அகதிகளுக்கான விடுதியில் இருந்தபோது அதைச் செய்தேன். அந்த நேரம் அவன் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தான்.

விடுதியை நாங்கள் ஹைம் என்றே சொல்வோம். ஓர் அறைக்கு நான்கு பேர். என் அறையில் பருத்தித்துறைப் பக்கத்து அண்ணை ஒருவர் இருந்தார். எங்களுக்கு இரண்டு வருடம் முந்தி வந்தவர் என்பதால், எல்லாருடைய கேஸுக்கும் அவர்தான் நீதிபதி. தஞ்சம் கேட்டுப் போடும் விண்ணப்பத்தைத்தான் நாங்கள் கேஸ் என்போம். என் கதையைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உம்மட கேஸில ஒண்டும் இல்லை. வீடு எரிஞ்சதெண்டு எல்லாரும்தான் சொல்லிப்போட்டினம். வீட்டில ஒரு சாவு இருக்கோணும்."

"எங்கட வீட்டில ஒருத்தரும் சாகேல்லை, அண்ணை."

"தம்பி ஒருத்தர் இருக்கிறாரெல்லோ? ஆமி சுட்டதெண்டு சொல்லும். கடுதாசியிலதானே சாகிறார். அங்க அவர் பாட்டுக்குச் சோறு தின்னட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த மாத விசாரணையில் நாக்குக் கூசாமல் சொன்னேன். எந்தச் சந்தி, எத்தனை மணி, அவன் என்ன சட்டை போட்டிருந்தான் என்பது வரைக்கும் சொன்னேன். நீலச் சட்டை. ஊரை விட்டு வெளிக்கிடும்போது நான் கழற்றி அவனுக்குக் கொடுத்த சட்டை அது. மொழிபெயர்த்தவருக்குக் குரல் தழுதழுத்தது. கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நாங்கள் வேதக்காரர். சின்ன வயதிலிருந்தே ஞாயிறு என்றால் சேர்ச். அந்தப் பழக்கத்தில் அந்நகரத்து லூத்தரன் சேர்ச்சுக்கும் போய் வந்தேன். ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் சில பாட்டுகளின் மெட்டு எங்கள் ஊர் மெட்டுத்தான். அங்கே எனக்குப் பழக்கமானவர் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை. கிழமைக்கு இரண்டு நாள் ஹைமுக்கு வந்து எங்களுக்கு ஜெர்மன் சொல்லித் தருவார். எங்கள் கடிதங்களையும் அவர்தான் வாசித்து விளக்குவார். என் விசாரணை அறிக்கையையும் அப்படித்தான் வாசித்தார். வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதார்.

நவம்பர் கடைசியில் அவர்களுக்கு இறந்தோரின் ஞாயிறு என்று ஒன்று உண்டு. அந்த வருடம் செத்துப்போன சபையாரின் பெயர்களைப் போதகர் ஒவ்வொன்றாக வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மணி, ஒரு மெழுகுவர்த்தி. உங்கள் தம்பியின் பெயரையும் சேர்க்கலாமா என்று ஆசிரியை கேட்டார். வேண்டாம் என்று சொல்ல ஆயிரம் காரணம் கண்டுபிடித்திருக்கலாம். மாட்டேன் என்றால் சந்தேகப்படுவாரோ என்ற பயத்தில் சம்மதித்தேன்.

அந்த ஞாயிறு பதினாறு பெயர்கள். என் தம்பி பதினாறாவது. போதகர் அவன் பெயரை உச்சரிக்கத் திணறினார். முன்கூட்டியே பழகிப் பார்த்திருக்கிறார் என்பது அந்தத் திணறலிலேயே தெரிந்தது. மணி அடித்தது. ஆசிரியை மெழுகுவர்த்தியைக் கொளுத்தி என் கையில் தந்தார். ஆராதனை முடிந்ததும் கிழவர்களும் கிழவிகளும் வரிசையில் வந்து என் கையைப் பிடித்தார்கள். பிறகு மண்டபத்தில் கோப்பியும் அப்பிள் கேக்கும் தந்தார்கள். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். இதை எழுதும்போதும் அந்த இரண்டாவது துண்டுதான் தொண்டையில் நிற்கிறது.

மூன்றாம் நாள் தம்பியின் கடிதம் வந்தது. உள்ளே ஒரு படம், அதே நீலச் சட்டையோடு. ஊரில் பெடியள் வெளியில் போக ஏலாது, சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போகிறார்கள், அம்மா பயப்படுகிறா என்று எழுதியிருந்தான். கடைசி வரி: "அண்ணா, நானும் அங்க வரட்டோ?"

கடிதத்தை அண்ணையிடம் காட்டி, வரச்சொல்லட்டோ என்று கேட்டேன்.

"விசர்க்கதை கதையாதையும். செத்த ஆள் வந்து இறங்கினா உம்மட ஃபைலைத் தூக்கி எறிஞ்சுபோடுவாங்கள். ரெண்டு பேரையும் ஒண்டா ஏத்தி அனுப்புவாங்கள்."

அன்றைக்கே தம்பிக்குப் பதில் எழுதினேன். இப்ப வராதை, இங்க சரியான குளிர், வேலையும் இல்லை, சோதனையை எடு, பிறகு பாப்பம் என்று. அவன் மறுபடியும் கேட்டான். மறுபடியும் குளிர் என்றேன். மூன்றாவது கடிதத்தில், "அண்ணா, நான் வாறது உங்களுக்கு விருப்பமில்லையோ?" என்று கேட்டிருந்தான். அதற்கு நான் பதிலே போடவில்லை.

எனக்கும் அவனுக்கும் ஒரே முகம். ஹைமின் பொதுக் குளியலறையில் நீளமான ஒரு கண்ணாடி இருந்தது. அதில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் துப்ப வேண்டும் போலிருந்தது. ஒருநாள் துப்பியும் விட்டேன். பிறகு கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, விரலால் தடவித் தடவிச் சவரம் செய்தேன். கன்னத்தில் எப்போதும் காயம். நானெல்லாம் ஒரு மனிதனா என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். இல்லை என்றுதான் எனக்கே பட்டது. சேர்ச்சில் எல்லாரும் நற்கருணைக்கு எழுந்து போகும்போது நான் மட்டும் வாங்குப் பலகையில் குனிந்து இருந்தேன்.

ஆசிரியை இதைக் கவனித்திருக்கிறார். எண்பத்தாறு செப்டம்பரில் ஒரு ஞாயிறு, ஆராதனைக்குப் பிறகு மண்டபத்துக் குசினியில் அவர் கோப்பைகளைக் கழுவ நான் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்கள் ஏன் நற்கருணைக்கு வருவதில்லை?"

எனக்குத் தெரிந்த ஜெர்மனில் பொய்யைச் சுற்றி வளைத்துச் சொல்ல முடியாது. "என் தம்பி உயிரோடு இருக்கிறான்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் கையிலிருந்த கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவினார். "அந்த மெழுகுவர்த்தியை நான்தான் கொளுத்தினேன்" என்றார். பிறகு ஏப்ரனை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு கிழமை ஹைமுக்கு வரவில்லை. மூன்றாம் கிழமை வந்து, கோட்டைக் கழற்றாமல் வாசலில் நின்றபடி, "போதகரிடம் நீங்களே சொல்லுங்கள். உங்களுக்காக நான் சொல்லமாட்டேன்" என்றார்.

போதகர் என் வயதுதான் இருப்பார். பொலிஸைக் கூப்பிடுவார் என்று நினைத்துப் போனேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "தம்பிக்கு என்ன பதில் எழுதினீர்கள்?" என்றார். அதுவரை அதை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. வராதை என்று எழுதினேன், குளிர் என்று எழுதினேன் என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. சின்னப்பிள்ளை மாதிரிக் கதறினேன். அவர் என்னை முழங்காலில் நிற்கச் சொல்லி, தலையில் கை வைத்து, பாவமன்னிப்பின் வார்த்தைகளைச் சொன்னார். பாதிதான் விளங்கியது. கையின் பாரம் மட்டும் நன்றாக விளங்கியது. மன்னிக்கப்பட்டேன் என்று அந்த நேரம் நம்பினேன். இன்றும் அதை மட்டும் நம்புகிறேன்.

எழுந்தபோது, "இனி ஞாயிறுதோறும் எங்கள் மன்றாட்டில் உங்கள் தம்பியின் பெயரை நீங்களே வாசியுங்கள், உயிரோடு இருப்பவர்களோடு சேர்த்து" என்றார். அடுத்த ஞாயிறு எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொல்லிவிட்டு வாசித்தேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அன்று நற்கருணை எடுத்தேன். அந்தக் கிழமை, கண்ணாடியைப் பார்த்துச் சவரம் செய்தேன்.

பிறகு இரண்டு கடிதங்கள் எழுதினேன். ஒன்று, என்னை விசாரித்த அலுவலகத்துக்கு: என் தம்பி சாகவில்லை, நான் பொய் சொன்னேன். மற்றது தம்பிக்கு: உடனே வெளிக்கிட்டு வா. அண்ணை தலையில் அடித்துக்கொண்டார். "உமக்கு நல்லா முத்திப்போச்சுது. எங்கட பேரையும் கெடுக்கிறீர்" என்று சொல்லிவிட்டு அறையை மாற்றிக்கொண்டு போனார். கேஸ் நிராகரிக்கப்பட்டது. ஆனால் ஊருக்குத் திருப்பி அனுப்பவில்லை. சில மாதத்துக்கு ஒருமுறை முத்திரை குத்தி, இன்னும் கொஞ்ச நாள் இரு என்றார்கள்.

தம்பிக்கு எழுதிய கடிதம் ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தது. பிரிக்கப்படவில்லை. அம்மாவிடமிருந்தும் தகவல் இல்லை. அடுத்த கோடையில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் ஹைமுக்கு வந்து சேர்ந்தார். என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டார், முகம்தான் காரணம்.

"உங்கட தம்பியை ஆமி ரவுண்டப்பில கொண்டு போனது. எங்கட சந்தியில வைச்சுத்தான். பிறகு ஒரு தகவலும் இல்லை. அம்மா காம்ப் காம்பா அலைஞ்சு திரியிறா."

"எப்ப?"

"போன மாசி."

என் கடிதம் வழியில் எங்கோ கிடந்த மாதம். சந்தியும் நான் விசாரணையில் சொன்ன சந்திதான். என்ன சட்டை என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

நவம்பர் வந்தது. ஆசிரியை ஹைமுக்கு வந்து, இந்தமுறை கோட்டைக் கழற்றிவிட்டு, என் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தார். கையில் பெயர்ப் பட்டியல் இருந்தது.

"பெயரைச் சேர்க்கட்டுமா?" என்றார்.

"வேண்டாம். ஒருமுறை கொடுத்துவிட்டேன்."

அந்த ஞாயிறு பதினொரு பெயர்கள், பதினொரு மணி. அவை ஓய்ந்த பிறகு நான் எழுந்து முன்னால் போனேன். உயிரோடு இருப்பவர்களுக்கான மன்றாட்டில் தம்பியின் பெயரை வாசித்தேன். குரல் நடுங்கவில்லை. வாசித்ததை நான் நம்பவில்லை. அடுத்த ஞாயிறும் வாசித்தேன்.