மாத்திரை இருமல்

நியாலாஸ் ஊர் கிளினிக்கில், என்னைப் போலவே பிரஷர் மருந்துக்குக் காத்திருந்த அந்த அக்காவுக்கு முகம் நிறையச் சிரிப்பு. சிரிப்புக்கு நடுவே இருமல். பக்கத்தில் கணவர்.

"ரெண்டு பேருக்கும் ஒரே மாத்திரைதான் லா. எனக்கு மட்டும் அதால இருமல். பொம்பளைங்களுக்குத்தான் இது அதிகமா வருமாம். டாக்டர் வேற மாத்திரை கொடுத்துட்டாரு."

"நல்லதாப் போச்சுக்கா."

"எங்க நல்லது? நான் இருமினா, கண்டிக்கிறேன்னு நெனச்சு இவரு கருவாட்டத் தட்டுலயே வச்சிடுவாரு. அதுலயே இவரு பிரஷர் இறங்கிடுச்சு!"

மறுமாதம் பாசாரில் கருவாடு வாங்கும்போது இருவரையும் பார்த்தேன். "இருமல் போயே போச்சு!" என்று தூரத்திலிருந்தே அக்கா சொன்னார். அதற்குள் கணவரின் கை கருவாட்டுப் பக்கம் நீண்டது. அக்கா ஒரே ஒரு தடவை இருமினார்.

கணவரோடு சேர்ந்து நானும் கையில் எடுத்ததைத் திரும்ப வைத்தேன்.