பௌர்ணமிக்கு மறுநாள் பரீட்சை

நான் வேலை பார்த்ததெல்லாம் கீழ்பென்னாத்தூர் பக்கம். ஓய்வு பெற்ற பிறகு, கணக்குக்கு ஆள் இல்லை என்று திருவண்ணாமலையில் ஒரு பள்ளியில் தற்காலிகமாகக் கூப்பிட்டார்கள். முதல் நாளே பத்தாம் வகுப்பு 'ஸ்லோ லேர்னர்ஸ்' பத்தொன்பது பேரை ஒரு தனி அறையில் காட்டி, "இதுங்கள பாஸ் பண்ண வெச்சா போதும் சார்" என்றார் தலைமையாசிரியர். பிள்ளைகள் காதுபடவே சொன்னார். அறையில் மின்விசிறி மூன்று, ஓடியது ஒன்று.

எட்டு பூஜ்யம்

முதல் மாதத் தேர்வில் எட்டுப் பேர் பூஜ்யம். அடுத்த மாதமும் அதே எட்டுப் பேர். மூன்று பேர் விடைத்தாளின் மேலேயே தூங்கிவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி கலையரசி.

"ஏம்மா, போன வாரம் நீயே போர்டுல போட்ட கணக்குதானே இது?"

"தெரியும் சார். கண்ணு சொருவுது."

"ராத்திரி தூங்கலயா?"

"நேத்து பௌர்ணமி சார். கிரிவலப் பாதைல அம்மாகூட மோர்க்கடைல நின்னுகினு இருந்தேன். விடிஞ்சப்புறம்தான் கடை எடுத்தோம்."

மற்ற ஏழு பேரையும் கேட்டேன். கடலை வண்டி, பூக்கடை, பார்க்கிங். எல்லாம் அதே பாதையில்தான். பரீட்சைத் தேதிகளைப் பார்த்தேன். தேதி மாதாமாதம் மாறியது, ஆனால் பௌர்ணமியோடு சேர்ந்தே மாறியது.

கால்வலி

தலைமையாசிரியரிடம் போனேன்.

"பௌர்ணமிக்கு மறுநாள் பாதி ஸ்டாஃப் லீவு சார். மலை சுத்திட்டு வந்து கால்வலிங்கறாங்க. பசங்கள ஹால்ல உக்கார வெச்சு டெஸ்ட் குடுத்துட்டா ரெண்டு பேர் போதும்."

"வாத்தியாருக்குக் கால் வலிச்சா லீவு, பிள்ளைக்குத் தூக்கம் வந்தா பூஜ்யமா?"

"டென்ஷன் ஆவாதீங்க சார். பிபி மாத்திரை போட்டீங்களா?"

போட்டிருந்தேன். மூன்றாவது தேர்வும் பௌர்ணமிக்கு மறுநாளே நடந்தது.

டிசி

அந்த வாரமே கலையரசியின் அம்மா வந்தார்.

"மூணு மாசமா முட்டை வாங்கினு வருது சார். துணிக்கடையில ஆள் கேக்கறாங்க. டிசி குடுத்துடுங்க, சேத்து வுட்டுடறேன்."

"நீ என்னம்மா சொல்ற?" என்று பெண்ணைக் கேட்டேன்.

"எனக்குக் கணக்கு வராது சார். எல்லாரும் அதான் சொல்றாங்க."

மூன்று மாதத்தில் எனக்கு வந்த கோபத்திலெல்லாம் பெரியது அதுதான். போர்டில் தானாகக் கணக்குப் போட்ட பெண், வராது என்று நம்பிவிட்டாள். "இன்னும் ஒரே ஒரு டெஸ்ட் பொறுங்கம்மா" என்றேன். அரைமனதாகச் சரி என்றார்.

மறுபடி தலைமையாசிரியரிடம் நின்றேன். "உங்க பத்தொம்பது பேருக்கு மட்டும்னா எப்ப வேணா வெச்சிக்கோங்க. சூப்பர்விஷனுக்கு ஆள் கேக்காதீங்க" என்றார். கேட்கவில்லை. பௌர்ணமிக்கு ஐந்து நாள் முன்னால் நானே வைத்தேன். யாரும் தூங்கவில்லை. பூஜ்யம் ஒன்றுகூட இல்லை.

கலையரசிக்கு இருபத்தைந்துக்குப் பதினேழு. தாளை வாங்கிக்கொண்டு போனவள் திரும்பி வந்தாள்.

"சார், நாலாவது கணக்குல விடைதான் தப்பு. ஸ்டெப் சரி. ஒரு மார்க் வரணும்."

பார்த்தேன். வரவேண்டியதுதான். பதினெட்டு போட்டேன். டிசி கேட்டு அவள் அம்மா மறுபடி வரவில்லை.

புதிதாக வரும் ஆசிரியர்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது இதுதான்: ஒரு பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று சொல்லும் முன், பரீட்சையை எந்த நாளில் வைத்தோம் என்று பாருங்கள். மற்ற வகுப்புகளுக்கு இன்னும் பௌர்ணமிக்கு மறுநாள்தான் பரீட்சை. கால்வலியும் குறைந்தபாடில்லை.